நாலு கட்டங்கள்

செப்டம்பர் கடைசி, இரவு பதினொன்று.
வட நார்வேயில் ஒரு மலைச்சாலை.
ஆளே இல்லாத பெட்ரோல் பங்க்:
கூரை, விளக்கு, மழை,
ஒரு பெட்டி.
என் கார்டை வாங்கிக்கொண்டு
நாலு வெற்றுக் கட்டங்களைக் காட்டியது.

எனக்கு யாரும் எண் கொடுத்ததில்லை.
டுலூத்தில் முப்பத்தொரு வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
அங்கே பணம் கட்டுவது என்றால்
திரையில் விரலால் கிறுக்குவது.
அவசரமென்றால் வெறும் கோடு.
ஒருமுறை மீன் வரைந்தேன், வாலோடு.
அந்த மீனும் நான்தான் என்று
வங்கி ஒத்துக்கொண்டது.

ஊர் பங்க்கில் அஞ்சல் எண் கேட்பார்கள்.
பழக்கத்தில் அதை அழுத்தினேன்.
நாலோடு கட்டம் தீர்ந்தது,
ஐந்தாவது என் விரலிலேயே நின்றுவிட்டது.
தவறு.
கல்யாணமான வருடம். தவறு.
விவாகரத்தான வருடம் நன்றாகவே நினைவிருந்தது,
ஆனால் மூன்றாவதும் தப்பினால்
பெட்டி கார்டை விழுங்கிவிடும் என்று
விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருந்தார்.
கையை எடுத்துவிட்டேன்.

"கையெழுத்து இருக்கிறது" என்றேன்
பெட்டியிடம், வாய்விட்டு.
கையெழுத்து செல்லாத இடத்தில்
மிச்சமிருப்பது தலையெழுத்துதான்.

அதுவும் வந்தது, பழைய வோல்வோவில்.
ஆர்ன்ஃபின். பால் பண்ணையில் இரவு முறை முடித்தவர்.
ரப்பர் பூட்ஸில் தயிர் வாடை.
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தன் கார்டைச் செருகினார்.
நான் முழுதாகத் திரும்பி
மலையைப் பார்த்து நின்றேன்,
யாரோ உடை மாற்றுகிறார்கள் என்பது போல.
மலை தெரியவில்லை.
நாலு சத்தம் மட்டும் கேட்டது,
சொந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற கை.

நானூறு குரோனர். டாலர் நீட்டினேன்.
காலாவதியான பேருந்துச் சீட்டைப் போல
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்.
முகவரி கேட்டேன். தலையசைத்து மறுத்தார்.
அதனால் ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
நானூறு குரோனர் கடன்பட்டிருக்கிறேன்,
மார்லிஸ் ட்வோராக்.
ஒவ்வொரு எழுத்தாக.
வீட்டுப் பத்திரத்துக்குப் பிறகு
இத்தனை நிதானமாக என் பெயரை நான் எழுதியதில்லை.
ஒரு துளி விழுந்து கடைசி எழுத்து கரைந்தது.
அவர் ஊதினார், மடித்தார்,
செல்லுபடியாகும் எதையோ வைப்பது போல
சட்டைப்பையில் வைத்தார்.

திரும்பியதும் வங்கியிடம் எண் கேட்டு வாங்கினேன்.
சுரண்டினால் தெரிகிற கடிதம்.
மனப்பாடம். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.
டுலூத்தில் யாரும் கேட்கவுமில்லை.
ஆணி வாங்கும்போதும் மருந்து வாங்கும்போதும்
சிப்பைச் செருகி, விரலைத் தயாராக வைத்திருப்பேன்.
இயந்திரம் கொஞ்சம் யோசிக்கும்.
பிறகு, கையெழுத்து என்னும்.

போன ஜூலையில் துறைமுகச் சாலை பங்க்கில்
தானியக் கப்பலில் வந்த போலந்துப் பையன்,
இரவல் வேன், ஐந்து கட்டங்கள்.
அவன் ஊர் அஞ்சல் எண்ணிலும் ஐந்துதான்,
நடுவில் ஒரு சிறு கோடு.
கோட்டுக்குப் பொத்தான் இல்லை.
கோடில்லாமல் போட்டதும் செல்லவில்லை.
தன் ரகசிய எண்ணை அழுத்தினான்,
இன்னும் ஒன்று என்றது பெட்டி.

உள்ளே அழைத்துப் போனேன்.
காசாளர் ரோண்டா சீட்டை நீட்டினாள்.
பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்:
"என்ன எழுத?"
"உன் பெயர்."
"யார் சரிபார்ப்பார்கள்?"
"யாருமில்லை."
அவன் நம்பவில்லை.
ஸ்வாவோமிர் என்று அச்செழுத்தில் எழுதினான்,
இரண்டாம் எழுத்தின் குறுக்குக்கோட்டைக்கூட விடாமல்,
நாக்கைக் கடித்துக்கொண்டு.

ரோண்டா ஜன்னல் வழியாக
அடுத்த வண்டியைப் பார்த்தபடியே
அதைக் கம்பியில் குத்தினாள்.